கழுத்துப் பட்டன்

உக்காருங்க தம்பி. பொது பெஞ்சுதான். கழுத்துல கேமரா தொங்குறதைப் பாத்தேன், அதான் நகந்து இடம் விட்டேன். செல்போனை நீட்டிக்கிட்டு வர்றவங்களுக்கெல்லாம் நான் நகர்றதில்லை.

படமெல்லாம் பாத்துட்டீங்களா? பூராத்தையும் பாத்தீங்களா, இல்ல அந்தப் பக்கச் சுவரு மட்டுந்தானா? எல்லாம் அந்தக் காலத்துல போலீஸ் பிடிச்ச ஆளுங்க. நேரா ஒரு படம், பக்கவாட்டுல ஒரு படம், நெஞ்சுக்கு முன்னாடி பேரெழுதின சிலேட்டு. மோட்டார் திருட்டு, சாராயம், அடிதடி, அது கெடக்கட்டும். அந்தா, மூணாவது வரிசையில மீசைக்காரன் ஒருத்தன் இருக்கான்ல, அவன் மூக்கைப் பாருங்க. மூக்குக்குக் கீழ நிழல் எம்புட்டு மெல்லிசா விழுந்திருக்கு. என்கிட்ட இருந்தது ரெண்டே லைட்டு. ரெண்டு லைட்டை வெச்சு அப்படி ஒரு மூக்கை இன்னிக்கு எவனாவது எடுத்துக் காட்டட்டும், நான் ஒத்துக்கிடுறேன்.

ஆமா தம்பி, நான்தான். இங்க மாட்டியிருக்கிறது அத்தனையும் நான் எடுத்தது. பேரு பரஞ்ஜோதி. மதுரைக்குத் தெக்க ஒரு சின்ன டவுன்ல ஜோதி ஸ்டூடியோன்னு கடை வெச்சிருந்தேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், எல்லாம் எடுப்பேன். எங்க ஊர் ஸ்டேஷனுக்குன்னு சொந்தமா கேமரா கிடையாது. ஆளைப் பிடிச்சா கையில விலங்கோட கடைத்தெரு வழியா நடத்திக் கூட்டிட்டு வந்து என் ஸ்டூடியோவுலதான் உக்கார வெப்பாங்க. அடையாளத்துக்குப் படம் எடுத்து ஸ்டேஷன்ல வெச்சுக்கிறதுக்கு.

அந்த மீசைக்காரன் பேரு மொக்கச்சாமி. சங்கிலி அறுத்த கேஸு. உள்ள இருந்துட்டு வெளிய வந்ததும் நேரா என் கடைக்குத்தான் வந்தான். “அண்ணே, அன்னிக்கு எடுத்தீங்களே, அதுல ஒரு காப்பி குடுங்கண்ணே, பொண்ணு வீட்டுக்கு அனுப்பணும்”னான். சிலேட்டை வெட்டிட்டு மேல்பாதியை மட்டும் பிரிண்ட் போட்டுக் குடுத்தேன். கல்யாணமும் முடிஞ்சுது. என் படத்துக்கு அப்படி ஒரு ராசி.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி என் மக வளர்மதி ஆபீஸ்லேருந்து வந்ததும் வராததுமா செல்போன்ல இந்தக் கண்காட்சிப் படம் ஒண்ணை நீட்டிக் காட்டுனா. வீட்டுக்காரி தவறிப்போனதுலேருந்து நான் இங்க சென்னையில அவகூடத்தான் இருக்கேன். “அப்பா, இது நம்ம ஸ்டூடியோ மயிலுதானே?”ன்னா. பாத்தா நம்ம மயிலேதான். பின்னாடி தொங்குற திரையில தோட்டம், படிக்கட்டு, மயிலெல்லாம் வரைஞ்சிருக்கும். போலீஸ் படத்துக்கு மயிலு எதுக்குன்னு மேல சாம்பக்கலர் துணியைப் போடுவேன். ஒரு ஆளுக்கு மட்டும் துணி விலகி, தோகை ஓரத்துல தெரியுது. ஸ்டேஷனை இடிச்சுக் கட்டுனப்போ பழசு பூராத்தையும் எடைக்குப் போட்டிருக்காய்ங்க. அது கை மாறி கை மாறி இந்தக் கேலரிக்காரங்ககிட்ட வந்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிட்டாங்க.

மறுநாளே என்னைக் கூட்டிட்டு வந்தா. எனக்கு எவ்வளவு சந்தோசம்னு நினைக்கிறீங்க? ஒவ்வொரு படமா நின்னு நின்னு பாத்துக்கிட்டு வந்தேன். கடைசியில, வெளிய போற வாசல்கிட்ட ஒரு பலகை. ‘படங்களை எடுத்தவர் யாரென்று தெரியவில்லை.’ வயிறு எரிஞ்சுபோச்சு தம்பி. களவாண்டவன் பேரு இருக்கு, சாராயம் காச்சுனவன் பேரு இருக்கு, எல்லாப் பேரும் சிலேட்டுல அச்சடிச்ச மாதிரி இருக்கு. அந்தப் பேரையெல்லாம் சிலேட்டுல எழுதினவனே நான். எழுதினவன் பேரு தெரியலையாம்.

இந்தக் கண்காட்சியை நடத்துற பொண்ணு பேரு நித்திலா. கிராப்பு வெட்டின பொண்ணு, ரொம்ப மரியாதையாப் பேசும். அதுகிட்டப் போய்ச் சொன்னேன். “நீங்கதான் எடுத்தீங்கன்னு நாங்க எப்படி சார் உறுதிப்படுத்துறது?”ன்னு கேட்டுச்சு. மயிலைச் சொன்னேன். “மயில் போட்ட திரை அப்ப நிறைய ஸ்டூடியோவுல இருந்திருக்கு சார்”ங்குது. அதுவும் வாஸ்தவந்தான், ஒரே ஆளுதான் ஊரூராப் போயி வரைஞ்சு வித்தான். “வேற ஏதாவது இருக்கா சார்?”னு கேட்டுச்சு. இருக்குன்னேன். அன்னிக்கே பஸ் ஏறி ஊருக்குப் போனேன்.

நீங்க கேமராக்காரரு, சொல்லுங்க பாப்போம். இந்தச் சுவருல இருக்கிற எல்லாருக்கும் பொதுவா என்ன இருக்கு? நல்லாப் பாருங்க. ஆளு வேற, வயசு வேற. சட்டை? ஒரே சட்டை. வெள்ளையில நீலக்கோடு, முழுக்கை, பெரிய காலரு, கழுத்து வரைக்கும் பட்டன். ஒல்லியான ஆளா இருந்தா முதுகுப் பக்கம் துணி கிளிப்பைப் போட்டு இறுக்கி விடுவேன். கேலரிக்காரங்க அதை லாக்கப் சட்டைன்னு நினைச்சு, அப்படியே எழுதியும் வெச்சுட்டாங்க. லாக்கப்ல ஏது தம்பி சட்டை? இருக்கிறதையும் கழட்டிட்டுல்ல உள்ள போடுவான். அது என் சட்டை. என் கல்யாணத்துல மறுவீட்டுக்குன்னு மாமனார் எடுத்துக் குடுத்தது.

அந்தக் காலத்துல ஸ்டூடியோன்னா ஒரு கோட்டு, ஒரு டை, கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா இருக்கணும். வர்றவன் கோட்டைப் போட்டுப் படம் எடுத்துட்டு, கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போவான். எங்க ஊர்ல பாதி மாப்பிள்ளைங்க பொண்ணு வீட்டுக்கு அனுப்புன படத்துல இருக்கிறது என் கோட்டுதான். அதே வழக்கத்தைத்தான் போலீஸ் படத்துக்கும் வெச்சேன். ஸ்டேஷன்லேருந்து வர்றவன் எப்படி வருவான்? சட்டை கிழிஞ்சிருக்கும், இல்ல சட்டையே இருக்காது. கழுத்து, நெஞ்செல்லாம் ஒரு மாதிரி கெடக்கும். அதையா படம் எடுக்கிறது? என் கடையிலேருந்து போற படம் ஒழுங்கா இருக்கணும்ல. சட்டையைப் போட்டு விட்டு, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுட்டா ஆளு மனுசனாத் தெரிவான். இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதுக்கப்புறம் வேற ஸ்டூடியோவுக்கு ஒரு ஆளைக்கூட அனுப்புனதில்லை.

சட்டையைத் துவைக்கிறதுதான் பெரும்பாடு. வீட்டுக்காரிதான் துவைப்பா. ரத்தக்கறையை வெந்நீர்ல போட்டாப் பிடிச்சுக்கிடும், பச்சத்தண்ணியில உப்புப் போட்டு ஊற வெக்கணும்னு சொல்லுவா. ஒருநாள் என்ன நினைச்சாளோ, சட்டையை வாசல்ல தூக்கிப் போட்டுட்டு, “இனிமே இதை நான் தொட மாட்டேன், நீங்களே துவைச்சுக்கங்க”ன்னுட்டா. பொம்பளைங்களுக்கு இளகின மனசு. சரின்னு நானே துவைச்சேன். அவ கைப்பக்குவம் எனக்கு ஏது? காலருக்கு உள்பக்கம் கொஞ்சம் கறை நின்னுபோச்சு. பட்டனைப் போட்டுட்டா வெளிய தெரியாது, அதனால அப்படியே விட்டுட்டேன்.

அந்தச் சட்டையைத்தான் ஊரு வீட்டுப் பெட்டியிலேருந்து எடுத்துட்டு வந்து நித்திலா மேசையில விரிச்சேன். அந்தப் பொண்ணு காலரைத் தூக்கிப் பாத்துச்சு. அப்புறம், “சார், நீங்க சொல்றதை ரெக்கார்டு பண்ணிக்கலாமா?”ன்னு கேட்டுச்சு. தாராளமாப் பண்ணும்மான்னேன். இத்தனை வருசத்துல என் தொழிலைப் பத்தி ஒருத்தர் என்கிட்டக் கேட்டது அன்னிக்குத்தான். ஒண்ணு விடாமச் சொன்னேன். ஒரு பக்கம் வீங்கியிருந்தா அந்தப் பக்கமே லைட்டை நேரா அடிக்கணும், மேடு பள்ளம் தெரியாது. பவுடரைத் தண்ணி விட்டுக் குழைச்சுப் பூசணும். அதுக்கும் அடங்கலைன்னா நெகட்டிவ்ல பென்சில் பிடிக்கணும். உங்களுக்கு அது தெரியாது தம்பி, நீங்கள்லாம் பொறந்ததே கம்ப்யூட்டர் வந்தப்புறம். காயம் பட்ட இடம் நெகட்டிவ்ல வெளுத்துத் தெரியும். நல்லாக் கூராச் சீவின பென்சிலை வெச்சு அந்த இடத்துல மட்டும் புள்ளி புள்ளியா நிரப்பணும். பிரிண்ட் போட்டா பச்சப்புள்ளை கன்னம் மாதிரி வந்துரும். நான் சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணுக்குக் கண்ணு கலங்கிருச்சு. தொழிலை மதிக்கத் தெரிஞ்ச பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டேன்.

வீரணன் சங்கதியையும் சொன்னேன். அந்தா, நடுச்சுவருல தனியா மாட்டியிருக்குல்ல, அவன்தான். பம்புசெட் மோட்டாரைக் களவாண்டான்னு பிடிச்சாங்க. படம் எடுத்த மறுநாள் காலையில ஸ்டேஷன்லயே செத்துப்போனான். ஊரே திரண்டு நின்னுச்சு, ரெவின்யூ அதிகாரி ஆர்.டி.ஓ. விசாரணைக்கு வந்தாரு. என்னையும் கூப்பிட்டாங்க. என் படத்தை மேசை மேல வெச்சு, “முந்தின நாள் எடுத்த படம் ஐயா, ஒரு கீறல் உண்டா பாருங்க”ன்னாரு இன்ஸ்பெக்டர். வீரணன் பொண்டாட்டி மட்டும், “இது எம்புருசன் சட்டை இல்ல, எங்க வீட்டுல இப்படி ஒரு சட்டையே கிடையாது”ன்னு ஒரே பிடியா நின்னுச்சு. சட்டை என்னோடதுல்ல, அது எப்படி அவங்க வீட்டுல இருக்கும்? ஒருத்தரும் காதுல போட்டுக்கலை. “படம் எடுக்கும்போது ஆளு எப்படி இருந்தான்?”னு ஆர்.டி.ஓ. என்னைக் கேட்டாரு. “படத்துல இருக்கிறபடிதான் ஐயா”ன்னேன். நான் பொய் சொல்லலை தம்பி. படத்துல காயம் இல்லைதானே? வயித்துவலியில செத்தான்னு எழுதி முடிச்சாங்க. அம்புட்டுப் பெரிய அதிகாரிங்க என் படத்தை நம்பி ஒரு கேஸையே முடிச்சாங்கன்னா, அது எவ்வளவு சுத்தமான வேலையா இருந்திருக்கணும், நீங்களே சொல்லுங்க.

அடுத்த வாரமே பலகையை மாத்திட்டாங்க. ‘புகைப்படங்கள்: பரஞ்ஜோதி, ஜோதி ஸ்டூடியோ.’ பெரிய எழுத்து. அதுக்குக் கீழ நான் பேசுனதை ஒரு வார்த்தை மாத்தாமப் போட்டிருந்தாங்க. லைட்டு, பவுடரு, பென்சிலு, வீரணன், ‘படத்துல இருக்கிறபடிதான் ஐயா’, எல்லாம் இருக்கு. சட்டைக்குன்னு ஒரு கண்ணாடிப் பெட்டி செஞ்சு வீரணன் படத்துக்கு எதுக்கால வெச்சாங்க. என் கையாலதான் மடிச்சு, கழுத்துப் பட்டனைப் போட்டு உள்ள வெச்சேன்.

மகளைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். பலகையை ஒருதடவை படிச்சா. மறுபடி முதல்லேருந்து படிச்சா. என்னைப் பாக்காமலே வெளிய போயி ஆட்டோவுல உக்காந்துட்டா. வீட்டுக்குப் போனதும், “அம்மா ஏன் அந்தச் சட்டையைத் தொட மாட்டேன்னாங்கன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது. அந்தப் பேரை எடுக்கச் சொல்லுங்கப்பா”ன்னா. எதுக்கு எடுக்கணும்? போட வைக்க நான் பட்ட பாடு எனக்குல்ல தெரியும். எடுக்க முடியாதுன்னுட்டேன். அதுலேருந்து என்கூடப் பேச்சு இல்லை. தட்டுல சோத்தைப் போட்டு வெச்சுட்டு அவபாட்டுக்கு உள்ள போயிர்றா. பெத்த மகளே அப்பன் பேரு சுவருல இருக்கிறதைப் பொறுக்கலைன்னா மத்தவங்களைச் சொல்லி என்ன ஆகப்போகுது?

மத்தவங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. தினம் வந்து இந்த பெஞ்சுல உக்காருறேன். வர்றவங்க பலகையைப் படிக்கிறாங்க, திரும்பி என்னைப் பாக்குறாங்க, போயிர்றாங்க. அன்னிக்கு ஒரு காலேஜ் டீச்சரம்மா புள்ளைங்களைக் கூட்டிட்டு வந்துச்சு. “அவர்தான்”னு என்னைக் காட்டி மெதுவாச் சொல்லுச்சு. பேசச் சொல்லுவாங்கன்னு எந்திரிச்சு, வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு நின்னேன். ஒரு பொண்ணு மட்டும் கிட்ட வந்து என் கையைப் பாத்துச்சு. மூஞ்சியை இல்ல, கையை. பாத்துட்டுப் போயிருச்சு. நல்லா எடுத்திருக்கீங்க ஐயான்னு ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு இதுவரைக்கும் சொல்லலை. அடிச்சவன் எவனோ. அவன் பேரு இந்தச் சுவருல எங்கயாவது இருக்கா? இன்ஸ்பெக்டர் பேரு இருக்கா? என் பேருதான் இருக்கு. அதனால என்னைத்தான் முறைக்கிறாய்ங்க.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கிட்டேன். போன வாரம் அந்தம்மா வந்துச்சு. வீரணன் மக, செல்லக்கிளின்னு பேரு. தலை நரைச்சுப்போச்சு. அப்பன் படம் பேப்பர்ல வந்திருக்குன்னு யாரோ சொல்லி ஊருலேருந்து கிளம்பி வந்திருக்கு. அப்பன் சாகும்போது தவழ்ற புள்ளையாம். வீட்டுல ஒரு படங்கூட இல்லையாம், அப்பன் மூஞ்சியையே இங்க வந்துதான் பாக்குது. நான் எடுக்கலைன்னா அதுக்கு அப்பன் மூஞ்சி ஏது, சொல்லுங்க? எந்திரிச்சுப் போயி, “நான்தாம்மா எடுத்தேன்”னேன். காலைத் தொட்டுக் கும்பிடும்னு நினைச்சேன், உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு.

அது படத்தையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் கேட்டுச்சு, “எங்கப்பாவுக்கு இடது கன்னத்துல பெரிய மச்சம் இருக்கும்னு எங்காத்தா சொல்லுமே. படத்துல காணமே?”

இடது கன்னந்தான் வீங்கியிருந்துச்சு. “பென்சில் பிடிச்சப்போ மச்சமும் சேந்து போயிருக்கும்மா”ன்னேன்.

“அப்ப இதுல எது எங்கப்பா, எது உங்க பென்சிலு?”

ரெண்டும் கலந்துதாம்மா இருக்கும்னேன். அந்தம்மா திரும்பி என் மூஞ்சியைப் பாத்துச்சு. “அன்னிக்கு எங்கப்பா உங்ககிட்ட ஏதாச்சும் பேசுச்சா?”ன்னு கேட்டுச்சு.

ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டு வந்து உக்காந்திருக்கலாம். ஆனா எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. அவனுக்குக் கை ரெண்டையும் தூக்க முடியலை. சின்னப்புள்ளைக்குப் போட்டு விடுற மாதிரி நான்தான் ஒவ்வொரு கையா நுழைச்சு விட்டேன். பட்டனைப் போடும்போது, “அண்ணே, கழுத்துப் பட்டன் மட்டும் வேண்டாம்ணே, மூச்சு முட்டுது”ன்னான். ஒரு நிமிசம் பொறுத்துக்கப்பான்னு போட்டு விட்டேன். அப்புறம் தண்ணி கேட்டான். சட்டை நனைஞ்சா படத்துல தெரியும், எடுத்ததும் குடிக்கலாம்னேன். எடுத்ததும் ஏட்டு கூட்டிட்டுப் போயிட்டாரு. அதை அப்படியே அந்தம்மாகிட்டச் சொன்னேன். கேட்டதுக்குப் பதில் சொல்றது ஒரு தப்பா?

அது அழலை. ஏசவும் இல்லை. ஏசியிருந்தா நானும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். நேரா நித்திலாகிட்டப் போயி என்னமோ சொல்லுச்சு. நித்திலா சாவியைக் கொண்டாந்து கண்ணாடிப் பெட்டியைத் திறந்துச்சு. அந்தம்மா உள்ள கையை விட்டு, கழுத்துப் பட்டனைக் கழட்டி, காலரை ரெண்டு பக்கமும் விரிச்சு விட்டுச்சு. வேற எதையும் தொடலை. அப்பன் படத்தை இன்னொரு தடவை பாத்துட்டுப் போயிருச்சு.

இப்பப் போயிப் பாருங்க. காலரு தொறந்து கெடக்கு. உள்பக்கத்துல கறை நின்னுபோச்சுன்னு சொன்னேன்ல, அது பளிச்சுனு தெரியுது. லைட்டையும் அதுக்கு நேரா போட்டிருக்காய்ங்க. எத்தனை வருசம் பொத்திப் பொத்தி வெச்ச சட்டை. அந்தப் பட்டனை மட்டும் போட்டுருங்கம்மான்னு நித்திலாகிட்டக் கெஞ்சிப் பாத்துட்டேன். “அது அவங்க விருப்பம் சார், அப்படியேதான் இருக்கும்”ங்குது. முந்தாநாள் நானே பெட்டியைத் திறக்கப் பாத்தேன். செக்யூரிட்டி கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து இந்த பெஞ்சுல உக்கார வெச்சுட்டான். என் சட்டைகிட்ட நான் போகக்கூடாதாம்.

உங்களை விடுவாங்க தம்பி. கேமராவெல்லாம் வெச்சிருக்கீங்க. சட்டையைப் படம் எடுக்கணும், பட்டன் போட்டிருந்தாத்தான் எடுப்பா இருக்கும்னு அந்தப் பொண்ணுகிட்ட நீங்க சொல்லிப் பாருங்க. ஒரே ஒரு பட்டன்தான். கண்ணை மூடினா எனக்கு அந்தக் காலருதான் வந்து நிக்குது. அதைப் போட்டுட்டா நான் நிம்மதியாத் தூங்கிருவேன்.

என்ன தம்பி, எந்திரிச்சுட்டீங்க? இன்னும் பக்கவாட்டுப் படத்தைப் பத்திச் சொல்லவே இல்லையே. கையைக் குடுத்துட்டாவது போகலாம்ல, நான் நீட்டிக்கிட்டுல்ல இருக்கேன்.

சரி, போங்க. அந்த வாசல் வழியாத்தானே போகணும். பலகையில என் பேரு இருக்கும், அதை மட்டும் படிச்சுட்டுப் போங்க.